ஊருக்கு வரமுன் திரும்பிப் போகும் வழியைப் பாருங்கள்

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியிலிருந்து போய்க் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், கட்டார் என்று குடியிருக்கிற பிள்ளைகள் முதல் தடவை ஊருக்கு வர வெளிக்கிடும்போது, "எந்த மாதம் டிக்கெட் மலிவு?" என்றுதான் தொடங்குவார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். உங்களைத் திரும்பவும் அந்த நாட்டுக்குள் விடுகிற ஆவணம் எது, அது நீங்கள் திரும்பும் நாள்வரை செல்லுமா என்பதை முதலில் பாருங்கள்.

இலங்கைக்குள் வருவது பெரும்பாலானவர்களுக்குச் சுலபம். மாட்டுப்படுவது திரும்பும்போதுதான். அதுவும் வெளிநாட்டு விமான நிலையத்தில் அல்ல, இங்கே கட்டுநாயக்காவில், செக்-இன் கவுண்டரில். சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிப் போனால் விமான நிறுவனம் தண்டம் கட்டவேண்டும், அவரைத் திருப்பி ஏற்றிவரும் செலவும் அதன் தலையில் விழும். ஆகவே கவுண்டரில் நிற்பவர் சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார். கிளிநொச்சியிலிருந்து இரவிரவாக வான் வாகனம் ஒன்றில் வந்து, அம்மாவிடம் அழுது விடைபெற்று, பிறகு அதே வாகனத்தில் திரும்பி ஊருக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் அட்டை

கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் பி.ஆர். கார்டைப் பாருங்கள். கார்ட் முடிந்தால் உங்கள் உரிமை முடியாது, ஆனால் முடிந்த கார்டோடு விமானம் ஏற முடியாது. இங்கே வந்தபின் முடிந்துபோனால், நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். அதோடு, ஐந்து வருடத்தில் 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்கவேண்டும் என்ற கணக்கும் உண்டு. அம்மா அப்பாவைப் பார்க்க அடிக்கடி வந்து நீண்ட காலம் நிற்பவர்கள், வந்த நாள் போன நாளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இப்போது அட்டையே இல்லை. பழைய வதிவிட அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டன. எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசா. உங்கள் கணக்கில் எந்தப் பாஸ்போர்ட் இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பாஸ்போர்ட்டோடுதான் பயணம் செய்யவேண்டும். புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுக் கணக்கில் மாற்றாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். விமான நிறுவனத்தின் கணினியில் பெயர் வராது, கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். வெளிக்கிடமுன் கணக்குக்குள் போய்ப் பாஸ்போர்ட் இலக்கத்தைச் சரிபாருங்கள். உங்கள் வதிவிட நிலையை மற்றவர் இணையத்தில் பார்க்க உதவும் பகிர்வுக் குறியீடு (share code) ஒன்றையும் எடுத்து அச்சடித்து வையுங்கள், அது 90 நாள் செல்லும். நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்கள் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்த உரிமை இல்லாமற் போகும்.

சுவிஸ், ஜெர்மனியில் இந்தக் காலம் இன்னும் குறைவு. முன்கூட்டி அனுமதி வாங்காமல் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவிட அனுமதி போய்விடும். தகப்பனுக்கு வருத்தம், காணிப் பிரச்சினை என்று வந்து நிற்கும்போது ஆறு மாதம் கண்மூடித் திறக்கமுன் ஓடிவிடும். நீண்டு நிற்கவேண்டி வரும் என்று தெரிந்தால், வெளிக்கிடமுன்னரே அங்குள்ள அலுவலகத்தில் கதைத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிரான்சில் இருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளின் காகிதத்தை மறப்பதுண்டு. பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லையென்றால், தாய் தகப்பனிடம் பத்து வருடக் கார்ட் இருந்தாலும், பிள்ளை திரும்பிப் போகத் தனியாக ஓர் ஆவணம் வேண்டும். வெளிநாட்டுச் சிறுவர்களுக்கான பயண ஆவணம் என்று மாகாண அலுவலகத்தில், அதாவது நம்மவர்கள் 'பிரெபெக்சர்' என்று சொல்கிற இடத்தில், அதைக் கொடுப்பார்கள். எடுக்க நாட்செல்லும். பிள்ளையை அம்மம்மாவோடோ சித்தப்பாவோடோ தனியாக அனுப்புவதென்றால் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவமும் வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், பிள்ளை ஒரு பெற்றோரோடு மட்டும் வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது.

அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள், தயவுசெய்து இதை ஆறுதலாக வாசியுங்கள்

எங்கள் பகுதியிலிருந்து 2009க்குப் பிறகு போனவர்களில் கனபேர் அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள். அவர்களிடம் இருக்கும் பயண ஆவணத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்குப் போகமுடியாது என்றே இருக்கும். அதைச் சுற்றிப்போக, தூதரகத்தில் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்து அதில் ஊருக்கு வந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

"எனக்கு அந்த நாட்டில் பாதுகாப்பில்லை" என்று சொல்லித்தான் அந்தஸ்து கிடைத்தது. அதே நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்து அங்கேயே போய் வந்தால், பாதுகாப்புத் தேவையில்லை என்று அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். கனடாவில் 2012ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்துக்குப் பிறகு, இப்படி அந்தஸ்தை இழப்பவர் தன் நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்து இழக்கலாம். பி.ஆர். கிடைத்துவிட்டதே, இனிப் பயமில்லை என்று நினைத்து வந்து வழக்கில் மாட்டுப்பட்டவர்கள் உண்டு. கனடியக் குடியுரிமை எடுத்தபின் அந்த ஆபத்து இல்லை. சுவிசில் அங்கீகரிக்கப்பட்ட அகதி சொந்த நாட்டுக்குப் போவது சட்டப்படியே தடை. தற்காலிக அனுமதியில், அதாவது எஃப் அட்டையில் இருப்பவர், வேறு நாட்டுக்குப் போவதானாலும் திரும்பும் விசா எடுத்தே போகவேண்டும்.

செத்தவீட்டுக்கு வரவேண்டும் என்ற தவிப்பு எனக்கு விளங்கும். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்று வாழ்நாள் முழுக்க அழுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் அந்த அவசரத்தில் டிக்கெட் போடமுன், அங்குள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரோடு ஒரு மணித்தியாலம் கதையுங்கள். பலர் அம்மா அப்பாவைச் சென்னைக்கோ வேறோர் இடத்துக்கோ கூப்பிட்டுச் சந்திக்கிறார்கள். உங்கள் பயண ஆவணத்துக்கு அந்த நாட்டு விசா கிடைக்குமா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

இன்னொரு கூட்டம் படகில் போனவர்கள், மற்றவர் பாஸ்போர்ட்டில் போனவர்கள். 1948ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி, முறையில்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது குற்றம். அப்படிப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கட்டுநாயக்காவில் விசாரித்து நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவது வழக்கம். "எவ்வளவோ காலமாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரில் வழக்கோ பிடியாணையோ இருக்கிறதா என்று இங்குள்ள சட்டத்தரணி ஒருவர் மூலம் பார்த்தபின் வாருங்கள். வரும் விமான இலக்கமும் நேரமும் ஊரில் ஒருவருக்கும் அந்தச் சட்டத்தரணிக்கும் தெரிந்திருக்கட்டும். தனியே கூப்பிட்டு விசாரித்தால் தமிழில் கதைக்கக் கேளுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியே காத்திருக்கும் உறவினர், வரவேண்டியவர் வரவில்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எந்தப் பாஸ்போர்ட்டில் வருவது

வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை இல்லாமற் போகிறது, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றிருந்தாலொழிய. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டில் இன்னும் திகதி இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து காட்டக்கூடாது. அது சட்டத்துக்கு விரோதம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் வெளிநாட்டவர். கிளிநொச்சியில் பிறந்திருந்தாலும் விசா வேண்டும். ஈ.ரி.ஏ. என்கிற மின்னணு அனுமதியை வெளிக்கிடமுன் இணையத்தில் எடுங்கள். தேடினால் பல தளங்கள் வரும், சில அரச தளம் மாதிரியே இருந்து கூடக் காசு அறவிடும். முகவரி 'டொட் கவ் டொட் எல்கே' என்று முடிந்தால்தான் அரச தளம். சாதாரணமாக 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் நிற்கவேண்டுமென்றால் நாள் முடியமுன் நீடிக்க விண்ணப்பியுங்கள். முடிந்தபின் போய் நின்றால் தண்டம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளே வந்து அதிலேயே வெளியே போங்கள், அந்த நாட்டுக்குள் நுழையும்போது அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். இரண்டும் கையில் இருக்கவேண்டும், சூட்கேசுக்குள் அல்ல. கனடியக் குடியுரிமை உள்ளவர் கனடாவுக்கு விமானம் ஏறக் கனடியப் பாஸ்போர்ட்டே வேண்டும் என்பது 2016 நவம்பரிலிருந்து கட்டாயம்.

இலங்கைப் பாஸ்போர்ட்டிலேயே இருப்பவர்கள், அது முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க ஓடுங்கள். ஊரில் நிற்கும்போது எடுப்பதென்றால் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறந்தார்கள். திணைக்களத்தின் இலக்கம் 1962. நீங்கள் நிற்கப்போகும் நாட்களுக்குள் பாஸ்போர்ட் கைக்கு வருமா என்று அழைத்துக் கேட்டபின் பயணத் திகதியைத் தீர்மானியுங்கள்.

பெயர்

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். வெளிநாட்டில் அது தலைகீழாகும். ஒரே ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, வதிவிட அட்டையில் மூன்றாவது என்று இருக்கும். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைச் சொல்லி மச்சானை டிக்கெட் போடச் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்புங்கள். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்கள் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவாருங்கள்.

டிக்கெட்டும் இடையில் இறங்கும் நாடும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடம் விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் மடுத் திருவிழாவும் அந்தக் காலத்திலேயே வரும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று வருகிறவர்கள் தனி. இந்தக் காலங்களில் வருவதென்றால் மாதக்கணக்கில் முந்துங்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்பவர் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடொன்றில் விமானம் மாறினால், விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும் இடைத்தங்கல் விசா கேட்பார்கள். அந்த நாடுகளின் வதிவிட அட்டையோ கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் வதிவிட அட்டையோ இருந்தால் விலக்கு உண்டு. வயதான அம்மா அப்பாவை உங்களிடம் கூப்பிடும்போது இதை முக்கியமாகக் கவனியுங்கள். டோஹா, துபாய் வழியாக ஒரே டிக்கெட்டில் வருவது அவர்களுக்குச் சுகம். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்கக்கூடியவராக இருந்தாலும் கேளுங்கள், மொழி தெரியாத இடத்தில் ஓர் ஆள் கூட வந்து வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

பலாலி வழி இப்போது பலருக்கு ஆசை. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்பவும் வந்தது. பரந்தன், கிளிநொச்சி ஆட்களுக்குக் கட்டுநாயக்காவை விட எவ்வளவோ கிட்ட. ஆனால் லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பலாலி இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால், சென்னையில் குடிவரவு கடந்து வெளியே வந்து சாமானை எடுத்துத் திரும்பச் செக்-இன் செய்யவேண்டி வரும். அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சின்ன விமானம். பெரிய விமானத்தில் தந்த நிறை இதில் கிடைக்காது, கூடினதுக்குக் காசு கட்டவேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது. இவ்வளவையும் யோசித்துப் பார்த்தால், குழந்தைகளோடும் பொதிகளோடும் வருகிறவர்களுக்குக் கட்டுநாயக்காதான் நல்லது என்பது என் எண்ணம். கைப்பையோடு தனியாக வருகிறவருக்குப் பலாலி அருமை.

வந்து இறங்குதல்

வருகைப் படிவத்தில் இலங்கை முகவரி கேட்பார்கள். எங்கள் வீடுகளுக்கு இலக்கமும் தெருப் பெயரும் இருக்காது. கிராமத்தின் பெயர், கிட்ட உள்ள சந்தி, மாவட்டம் என்று எழுதி, வீட்டில் இருப்பவரின் தொலைபேசி இலக்கத்தையும் கையில் வையுங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் முல்லைத்தீவு என்றே சொல்லுங்கள். கொழும்பு என்று மாற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்ட நடைமுறை 2015இல் நீங்கிவிட்டது. உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் கேள்வியும் சுருக்கமாக முடியும்.

சுங்கத்தில் நகைதான் பெரிய தலையிடி. கலியாணவீட்டுக்கென்று கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்து இறங்காதீர்கள். வேண்டிய நகையை மட்டும், வாங்கிய பற்றுச்சீட்டோடு கொண்டுவாருங்கள். பெருந்தொகைக் காசு கொண்டுவந்தால் அறிவித்துவிடுங்கள். கோயில் திருவிழாவைப் படம்பிடிக்க ட்ரோன் கொண்டுவருகிறவர்கள், இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவைப்பார்கள்.

வான்காரரிடம் முதலிலேயே வழியைப் பேசிக்கொள்ளுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து வன்னிக்கு வரக் கொழும்புக்குள் போகவேண்டியதில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஏ9 நெடுஞ்சாலைக்கு ஏறலாம். கிளிநொச்சிக்கு ஆறு ஏழு மணித்தியாலம், முல்லைத்தீவுக்கு இன்னும் கூட.

ஊரில் நிற்கும் நாட்களில்

விருந்துக்கும் கோயிலுக்கும் நடுவில் இரண்டு காலைப்பொழுதைக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். இடம்பெயர்வுகளில் சான்றிதழ்கள் தொலையாத வீடு வன்னியில் குறைவு. பிறப்பு, விவாகப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்திலேயே பிரதி கிடைக்கும், ஒன்றுக்கு நாலாக எடுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, யாழ்ப்பாணத்தில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டால் வெளிநாட்டில் கேட்கும்போது அலையத் தேவையில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள் பொலிஸ் நற்சான்றுக்கும் விண்ணப்பித்துவிடலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்தால்தான் இலங்கைக் குடியுரிமை சிக்கலில்லாமல் கிடைக்கும். பிந்தினால் தண்டத்தோடு பதியலாம்.

விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், வதிவிடக் கடிதம் வாங்கப் போகும்போது பழைய குடும்ப அட்டைப் பிரதி ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். அவரும் புது ஆளாக இருப்பார், உங்களைத் தெரிந்திருக்காது.

சாமான் கட்டுதல்

திரும்பும் நாளுக்கு முதல் நாள் வீடு முழுக்க மிளகாய்த்தூள் வாசம். அம்மா வறுத்து இடித்து, இரண்டு பொலித்தீனில் போட்டு மெழுகுதிரியில் வாயை ஒட்டி, அதற்கு மேல் பழைய சாரத்துணியால் சுற்றி வைப்பார். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, நெத்தலிக் கருவாடு, வேப்பம்பூ வடகம், பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கொடுத்துவிடும் பொதி. இதில் எது போகும், எது போகாது?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சி, பால், நெய், பாற்கோவா கொண்டுபோகக்கூடாது. கருவாடு கொண்டுபோகலாம், மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோவரை அனுமதி உண்டு. தேன் 2 கிலோவரை. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், முள்நாறிப்பழம் (தூரியன்) மட்டுமே. மாம்பழத்தை இங்கேயே ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவென்றாலும் படிவத்தில் 'ஆம்' என்று போடுங்கள். அறிவித்தால் அதிகம் போனால் அந்தச் சாமான் போகும். மறைத்தால் பெரிய தண்டம், விசாவுக்கே பாதகம் வரலாம்.

தூள் வகை எல்லாம் பெரிய சூட்கேசுக்குள். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட தூள் கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், விடாமலும் போகலாம். நல்லெண்ணெய், ஊறுகாயும் பெரிய சூட்கேசுக்குத்தான்.

வன்னிக்கென்றே சொல்லவேண்டியவை இரண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் வளவில், காணி ஓரத்தில் விளையாடும்போது வெற்றுத் தோட்டாக் கோது, இரும்புத் துண்டு என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது அதிசயப் பொருள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிற மண் இது, தெரியாத எதையும் தொடவேண்டாம் என்று வந்த அன்றே சொல்லிவையுங்கள். வெளிக்கிடமுன் பிள்ளைகளின் பைகளை, காற்சட்டைப் பொக்கற்றுகளை நீங்களே கொட்டிப் பாருங்கள். வெற்றுக் கோது ஒன்று ஸ்கேனரில் தெரிந்தால் முழுக் குடும்பமும் பல மணித்தியாலம் விளக்கம் சொல்லவேண்டி வரும், விமானமும் போய்விடும்.

மற்றது மண். தாய் தகப்பன் இருந்த வளவிலிருந்து, பிள்ளையைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போக விரும்புகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் மண்ணை உள்ளே விடுவதில்லை, கண்டால் எடுத்து எறிந்துவிடுவார்கள். அது குப்பைத் தொட்டிக்குள் போவதைப் பார்த்து நிற்கவேண்டி வருவதை விட, அந்த இடத்தின் படமொன்றை எடுத்துப் போங்கள், விபூதியோ கோயில் நூலோ கொண்டுபோங்கள். கடற்கரையில் பொறுக்கும் பவளப்பாறைத் துண்டும் வேண்டாம், அது இங்கேயே தடை.

அக்கம்பக்கத்தார் தரும் பொதியை அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். கோபிப்பார்கள் என்று கூச்சப்படாதீர்கள். "பொதியை நீங்களே கட்டினீர்களா?" என்று விமான நிலையத்தில் கேட்பார்கள், உள்ளே என்ன இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. நெல் நிறுக்கும் தராசில் சூட்கேசை வைத்து நிறுத்துவிட்டு, ஒரு கிலோ குறைவாக வைத்துக் கட்டுங்கள்.

கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிடுதல்

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் 15ஆம் திகதி அதிகாலை 3 மணிக்கு என்றால், அது 14ஆம் திகதி இரவுப் பயணம். 14ஆம் திகதி இரவு 11 மணிக்கு நிலையத்தில் நிற்கவேண்டும். அதற்குக் கிளிநொச்சியிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு வெளிக்கிட்டால் ஆறுதல். இந்த அதிகாலைத் திகதியில் பிழைவிட்டு, ஒரு நாள் பிந்தி வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கலண்டரில் வெளிக்கிடும் திகதியைத்தான் வட்டமிடவேண்டும்.

முறிகண்டியில் நிற்காமல் எந்த வானும் போகாது. பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி ஏற அரை மணித்தியாலம். அதையும் கணக்கில் போடுங்கள். இரவில் மதவாச்சி தாண்டிய காட்டுப் பகுதிகளில் யானை வீதிக்கு வரும், சாரதியை விரட்டாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் வட்டுவாகல் பாலத்தில் வெள்ளமா என்று காலையிலேயே கேட்டறிந்து வழியைத் தீர்மானியுங்கள். அடைமழை என்றால் முதல் நாளே வந்து நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்குவது புத்தி.

வழியனுப்ப ஊரே ஏறி வரும். நெரிசல் காலத்தில் உள்ளே எல்லாரையும் விடமாட்டார்கள். கட்டிப்பிடித்து அழுவதையெல்லாம் வெளியே முடித்துக்கொண்டு, ஆவணப் பையை ஒரே ஆள் பொறுப்பில் வைத்து உள்ளே போங்கள். வாசலில் சாமானெல்லாம் ஸ்கேன் செய்யப்படும், பிறகு செக்-இன், பிறகு குடியகல்வு, கடைசியில் விமான வாசலுக்குக் கிட்ட இன்னொரு பாதுகாப்புச் சோதனை. செக்-இன் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் சேர்த்தே கொடுங்கள். ஏற்ற மறுத்தால் சத்தம் போடாமல், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி, என்ன ஆவணம் குறைகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஈ-விசாக்காரர்கள் அந்த இடத்திலேயே கணக்கைத் திறந்து காட்டவேண்டி வரலாம், ஆகவே போனில் டேட்டாவும் சார்ஜும் இருக்கவேண்டும்.

கட்டார், சவூதி, குவைத், துபாய் என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு இல்லாமல் வேலை விசாவில் வெளியேற விடமாட்டார்கள். லீவில் வந்து அதே முதலாளியிடம் திரும்புகிறவரும் தன் பதிவு முடிந்துவிட்டதா என்று பார்த்துப் புதுப்பிக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார், பணியகத்தின் இலக்கம் 1989. வளைகுடா நாடுகளில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவிட அனுமதி இரத்தாகும். சவூதியில் வெளியேறித் திரும்பும் விசாவில் உள்ள திகதிக்குள் போய்ச் சேரவேண்டும். இருமல் மருந்து, நித்திரைக் குளிசை, கடும் நோ மாத்திரை கொண்டுபோனால் வைத்தியரின் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அங்கே இந்த விடயத்தில் இரக்கம் காட்டமாட்டார்கள்.

அந்தப் பக்கம் இறங்கியதும்

ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12இலிருந்து கைரேகையும் முகமும் பதியும் புது முறை வந்திருக்கிறது. வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு அது இல்லை. சுற்றுலாக்காரரின் இயந்திர வரிசையில் போய் நிற்காமல், அட்டையைக் காட்டி உங்களுக்கான வரிசையைக் கேளுங்கள். உங்களோடு வரும் அம்மா அப்பா வருகை விசாவில் என்றால் அவர்களுக்குப் பதிவு உண்டு. அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்: யாரிடம் போகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள். ஒரு தாளில் உங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அந்த நாட்டு மொழியில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். 10,000 யூரோவோ அதற்கு மேலோ காசு இருந்தால் அறிவிக்கவேண்டும். கனடாவில் 10,000 கனடிய டொலர் என்ற கணக்கு.

சூட்கேஸ் வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் வெளியே போகமுன் அந்த மண்டபத்திலேயே முறைப்பாடு செய்து இலக்கம் வாங்குங்கள். அதற்குச் செக்-இன்னில் தந்த சின்ன ஒட்டுச்சீட்டு வேண்டும், எறிந்துவிடாதீர்கள். உடைந்ததற்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்ததற்கு அது கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தால்தான் நட்டஈடு கேட்கலாம். உள்ளே என்னென்ன இருந்தது என்று கட்டும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதுவது சுலபம்.